யாருடைய வேலை? அமெரிக்க உள்ளூர் போலீஸும் குடியேற்றச் சட்டமும்

1979ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ் தன் படைக்கு ஓர் உத்தரவு போட்டார். 'சிறப்பு உத்தரவு எண் 40' என்று அதற்குப் பெயர். ஒருவர் முறையான அனுமதியோடு நாட்டில் இருக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்காக மட்டும் எந்தப் போலீஸ்காரரும் யாரையும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இதைப் போட்டவர் யாரோ இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்ஸ் கடுமையான போலீஸ் முறைகளுக்குப் பேர்போனவர். 1992 கலவரத்துக்குப் பிறகு பலத்த கண்டனங்களுக்கு நடுவே பதவியை விட்டுப் போனவர். அப்படிப்பட்டவர் ஏன் இந்த உத்தரவைப் போட்டார்? காரணம் மிகவும் எளிமையானது. கொள்ளையோ கொலையோ நடந்தால் பார்த்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். போலீஸைக் கண்டதும் ஓடி ஒளிகிற ஊரில் யார் வந்து சாட்சி சொல்வார்கள்?

உள்ளூர் போலீஸ் மத்திய அரசின் குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்த வேண்டுமா என்ற கேள்வி அமெரிக்காவில் இன்றும் சூடாக விவாதிக்கப்படுகிறது. ஆனால் இது நேற்று முளைத்த கேள்வி அல்ல. இதற்கு 150 வருடங்களுக்கும் மேலான கதை இருக்கிறது. அந்தக் கதையைப் பார்த்தால் இன்றைய சண்டை நன்றாகப் புரியும்.

ஒரு போலீஸ் அல்ல, 18,000

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான ஒரே போலீஸ் கிடையாது. நகரப் போலீஸ், மாவட்டம் போன்ற 'கவுண்டி'க்கு ஒரு ஷெரீஃப், மாநிலப் போலீஸ் என்று ஏறக்குறைய 18,000 தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஷெரீஃபைப் பெரும்பாலும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்களுக்குச் சம்பளம் உள்ளூர் வரிப்பணத்திலிருந்து வருகிறது. குடியேற்றச் சட்டமோ மத்திய அரசுடையது. 2003 முதல் அதை நாட்டுக்குள் அமல்படுத்துவது 'ஐஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அமைப்பு.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டி வருவது 1929 முதல் அமெரிக்காவில் குற்றம். ஆனால் முறையாக விசா வாங்கி வந்து, காலம் முடிந்த பிறகும் தங்கிவிடுவது பொதுவாகக் கிரிமினல் குற்றம் அல்ல, சிவில் விதிமீறல்தான். அதற்குத் தண்டனை சிறை அல்ல, நாடு கடத்தல். ஆக, தெருவில் போகிற ஒருவரைப் பார்த்து அவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் சொல்லிவிட முடியாது. அதற்கு ஆவணங்கள் வேண்டும், தனிப் பயிற்சி வேண்டும், சில சமயம் வழக்கறிஞர்களுக்கே தலை சுற்றும்.

மாநிலங்கள் கையில் இருந்த காலம்

ஆச்சரியம் என்னவென்றால், ஆரம்பத்தில் குடியேற்றத்தைப் பார்த்துக்கொண்டது மாநிலங்கள்தான். நியூயார்க் துறைமுகத்தில் 1855ல் திறக்கப்பட்ட 'காசில் கார்டன்' நிலையத்தை நடத்தியது நியூயார்க் மாநில வாரியம். மாசசூசெட்ஸ் மாநிலம் ஏழை ஐரிஷ் மக்களைப் பிடித்துக் கடல் தாண்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டை உடைத்தது 1876ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகள். அவற்றில் ஒன்று கலிபோர்னியா சம்பந்தப்பட்டது. 1874ல் கப்பலில் வந்து இறங்கிய 22 சீனப் பெண்களை 'ஒழுக்கம் கெட்டவர்கள்' என்று ஒரு மாநில அதிகாரி தானாகவே முடிவு செய்து, ஆளுக்கு இவ்வளவு பிணைத்தொகை கட்டினால்தான் இறங்கலாம் என்றார். நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஒரு மாநிலத்தின் ஒரு அதிகாரி இன்னொரு நாட்டுக் குடிமக்களிடம் மோசமாக நடந்துகொண்டால், அதன் விளைவாக வரும் சண்டையை மொத்த நாடும் அல்லவா தாங்க வேண்டும்? ஆகவே இது மத்திய அரசின் பொறுப்பு என்றது தீர்ப்பு. 1892ல் எல்லிஸ் தீவில் மத்திய அரசின் நிலையம் திறக்கப்பட்டபோது மாநிலங்களின் காலம் முடிந்துவிட்டது.

அடிமை முறை காலத்து ஒரு தீர்ப்பு

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மத்திய சட்டத்தை அமல்படுத்த உள்ளூர் அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வி முதன்முதலில் பெரிதாக எழுந்தது குடியேற்றத்தில் அல்ல, அடிமை முறையில்.

தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வடக்கே ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் இருந்தது. 1842ல் ஒரு பென்சில்வேனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, அந்தச் சட்டத்தைத் தடுக்கிற அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை. இரண்டு, அதை அமல்படுத்தும்படி மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

அந்த இரண்டாவது கதவு வழியாக வடக்கு மாநிலங்கள் நுழைந்தன. 1843ல் மாசசூசெட்ஸ் ஒரு சட்டம் போட்டது: எங்கள் அதிகாரிகள் தப்பி வந்தவர்களைப் பிடிக்க உதவக் கூடாது, எங்கள் சிறைகளில் அவர்களை அடைக்கவும் கூடாது. இதனால் கோபமடைந்த தெற்கு, 1850ல் இன்னும் கடுமையான மத்தியச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி விசாரணை ஆணையர் ஒருவரை அடிமை என்று முடிவு செய்தால் 10 டாலர் கட்டணம், விடுதலை செய்தால் 5 டாலர்!

அடிமை முறையும் குடியேற்றமும் ஒன்று என்று யாரும் சொல்ல வரவில்லை. ஆனால் சட்டத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான். மத்திய அரசு தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து நிறைவேற்றிக்கொள்ளலாம். உள்ளூர் ஆட்களை வேலைக்காரர்களாக இழுக்க முடியாது.

இந்தக் கோட்பாட்டுக்கு நவீன வடிவம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? துப்பாக்கி உரிமைக்காகப் போராடிய இரண்டு ஷெரீஃபுகள்! துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியை உள்ளூர் அதிகாரிகள் சரிபார்க்க வேண்டும் என்ற மத்தியச் சட்டத்தை எதிர்த்து மொன்டானாவிலிருந்து ஒருவரும் அரிசோனாவிலிருந்து ஒருவரும் வழக்குப் போட்டார்கள். 1997ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாத நீதிபதி ஸ்காலியா. பிற்பாடு 'எங்கள் போலீஸ் குடியேற்ற வேலை பார்க்காது' என்று சொன்ன நகரங்கள் எல்லாம் கையில் பிடித்துக்கொண்டது இதே தீர்ப்பைத்தான். மாநில உரிமை என்பது எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

1931: பூங்காவில் நடந்தது

கட்டாயப்படுத்த முடியாது, சரி. விரும்பிச் சேர்ந்தால்? அதற்கு ஒரு பழைய உதாரணம் லாஸ் ஏஞ்சலஸிலேயே இருக்கிறது.

பெரும் பொருளாதார மந்தம் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்கர்களின் வேலையை மெக்சிகோக்காரர்கள் பறிக்கிறார்கள் என்ற கூச்சல் எங்கும். 1931 பிப்ரவரி 26 அன்று மத்தியக் குடியேற்ற அதிகாரிகளும் நகரப் போலீஸும் சேர்ந்து 'லா பிளாசிடா' என்ற பூங்காவைச் சுற்றி வளைத்தார்கள். ஏறக்குறைய 400 பேரை வெளியே விடாமல் வைத்து ஆவணம் கேட்டார்கள். பிடிபட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் நோக்கம் ஆள் பிடிப்பது மட்டுமல்ல, பயமுறுத்துவதும்தான். அது பலித்தது.

அந்தப் பத்தாண்டில் லட்சக்கணக்கான மெக்சிகோ வம்சாவளியினர் மிரட்டலாலும் நெருக்கடியாலும் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள் என்பதுதான் கொடுமை. 2005ல் கலிபோர்னியா ஒரு சட்டத்தின் மூலம் இதற்காக முறையாக மன்னிப்புக் கேட்டது. பூங்காவை வளைத்த அதே போலீஸ் படையில்தான் 48 வருடம் கழித்து 'சிறப்பு உத்தரவு 40' வந்தது.

1996ம் 2001ம்

1996ல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தில் ஒரு சிறு பிரிவு இருந்தது. அதன் பெயர் 287(ஜி). உள்ளூர் போலீஸ் விரும்பினால் மத்திய அரசோடு ஒப்பந்தம் போட்டு, பயிற்சி பெற்று, குடியேற்ற அதிகாரிகளைப் போலவே வேலை செய்யலாம். ஆறு வருடங்கள் ஒருவர்கூட அதைத் தொடவில்லை.

பிறகு வந்தது 2001 செப்டம்பர் 11. தாக்குதல் நடத்தியவர்களில் சிலரை அதற்கு முன்பே உள்ளூர் போலீஸ் சந்தித்திருந்தது தெரியவந்தது. முகமது அட்டா 2001 ஏப்ரலில் புளோரிடாவில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்காக நிறுத்தப்பட்டார். ஜியாத் ஜர்ரா தாக்குதலுக்கு இரண்டே நாள் முன்பு மேரிலாண்டில் அதிவேகத்துக்காக அபராதச் சீட்டு வாங்கினார். அந்தப் போலீஸ்காரர்கள் கையில் போதிய தகவல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. உள்ளூர் போலீஸைச் சேர்க்க வேண்டும் என்பவர்களின் வலுவான வாதம் இதுதான். மத்திய அதிகாரிகள் சில ஆயிரம் பேர், உள்ளூர் போலீஸோ பல லட்சம் பேர். கண் இருக்கும்போது ஏன் மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

2002ல் புளோரிடா முதல் 287(ஜி) ஒப்பந்தத்தைப் போட்டது. பயங்கரவாதத்தைத் தடுப்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. 2003ல் அலபாமா வந்தது. பிறகு மற்றவர்கள்.

அரிசோனா நடத்திய பரிசோதனை

இந்த முறை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்குப் பெரிய சாட்சி அரிசோனா மாநிலத்தின் மரிகோப்பா கவுண்டி. ஃபீனிக்ஸ் நகரம் இருப்பது இங்கேதான்.

ஒப்பந்தம் எதுவும் வருவதற்கு முன்பே, 1997 ஜூலையில், இங்குள்ள சாண்ட்லர் நகரப் போலீஸ் எல்லைக் காவல் படையோடு சேர்ந்து ஐந்து நாள் வேட்டை நடத்தியது. 432 பேர் பிடிபட்டார்கள். ஆனால் மளிகைக் கடையிலிருந்து வெளியே வந்த அமெரிக்கக் குடிமக்களும் நிறுத்தப்பட்டு ஆவணம் கேட்கப்பட்டார்கள். அவர்கள் செய்த தவறு? தோல் நிறமும் ஸ்பானிஷ் பேச்சும்தான். மாநில அட்டர்னி ஜெனரலே விசாரித்துக் கண்டன அறிக்கை கொடுத்தார். 1999ல் நகரம் 4 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

பத்து வருடம் கழித்து, 2007ல், ஷெரீஃப் ஜோ அர்பாயோ 287(ஜி) ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவருடைய ஆட்கள் 160 பேருக்குப் பயிற்சி தரப்பட்டது. நாட்டிலேயே மிகப் பெரிய படைகளில் ஒன்று அது. பிறகு லத்தீன் மக்கள் வாழும் பகுதிகளில் வரிசையாகச் சோதனைகள். சிறு போக்குவரத்துத் தவறுக்காகக் கார் நிறுத்தப்படும். ஓட்டியவர், பின்னால் உட்கார்ந்திருந்தவர் எல்லோரிடமும் ஆவணம் கேட்கப்படும். செல்லுபடியாகும் விசாவோடு வந்திருந்த ஒரு மெக்சிகோ பயணி அப்படிப் பிடிபட்டு மணிக்கணக்காக வைக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கு பெரிதாக வளர்ந்து, 2013ல் நீதிபதி மர்ரே ஸ்னோ தீர்ப்பளித்தார்: ஷெரீஃப் அலுவலகம் இனத்தைப் பார்த்து மக்களை நிறுத்தியது, அரசியல் சட்டத்தை மீறியது.

இதற்கிடையில் மற்ற வேலைகள் என்ன ஆயின? 'ஈஸ்ட் வேலி டிரிப்யூன்' என்ற உள்ளூர்ப் பத்திரிகை அதைத்தான் தோண்டியது. குடியேற்ற வேட்டைக்கு ஆட்கள் போனதால் அவசர அழைப்புகளுக்குப் போலீஸ் போய்ச் சேரத் தாமதமானதையும், மற்ற விசாரணைகள் பாதிக்கப்பட்டதையும் எழுதியது. அந்தத் தொடருக்கு 2009ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2007 வரையிலான மூன்று வருடங்களில் வந்த 400க்கும் மேற்பட்ட பாலியல் குற்றப் புகார்கள் சரியாக விசாரிக்கப்படவில்லை அல்லது விசாரிக்கப்படவே இல்லை என்பதும் பின்னால் வெளியானது. அந்தப் புகார்களைக் கொடுத்தவர்களில் ஆவணமில்லாக் குடும்பத்துக் குழந்தைகளும் இருந்தார்கள். அவ்வளவு பயத்திலும் போலீஸை நம்பி வந்தவர்கள் அவர்கள்.

2009ல் மத்திய அரசு அர்பாயோவின் தெரு அதிகாரத்தைப் பறித்தது. 2011ல் ஒப்பந்தமே ரத்தானது. 2016 தேர்தலில் அவர் தோற்றார். நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக 2017 ஜூலையில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுத்த மாதமே அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். ஷெரீஃப் போனாலும் அவர் விட்டுச் சென்ற வழக்கின் செலவைக் கவுண்டி மக்கள் தொடர்ந்து வரியாகக் கட்ட வேண்டியிருந்தது.

அரிசோனா மாநிலமும் சும்மா இருக்கவில்லை. 2010ல் எஸ்.பி.1070 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. 2012ல் உச்ச நீதிமன்றம் அதன் முக்கியமான மூன்று பிரிவுகளை ரத்து செய்தது. நிறுத்தப்பட்டவர்மீது சந்தேகம் இருந்தால் அவருடைய நிலையைச் சரிபார்க்கலாம் என்ற ஒரு பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது. நாடு கடத்தப்படக்கூடியவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மாநிலப் போலீஸ் தானாகவே கைது செய்ய முடியாது என்பது தெளிவானது.

குற்றம் குறைந்ததா?

இவ்வளவு செய்தும் குற்றம் குறைந்திருந்தால் அது ஒரு நியாயமாவது ஆகியிருக்கும். 2008ல் தொடங்கிய 'செக்யூர் கம்யூனிட்டீஸ்' திட்டம் இதைச் சோதிக்க வசதியாக அமைந்தது. உள்ளூர்ச் சிறையில் எடுக்கப்படும் கைரேகை தானாகவே குடியேற்றத் துறைக்கும் போகும். இது ஒரே நாளில் வராமல், கவுண்டி கவுண்டியாகப் பரவி 2013ல் நாடு முழுவதும் வந்தது. அதனால் முன்னே வந்த இடங்களையும் பின்னே வந்த இடங்களையும் ஒப்பிட முடிந்தது. தாமஸ் மைல்ஸ், ஆடம் காக்ஸ் என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் அப்படி ஒப்பிட்டு 2014ல் ஆய்வை வெளியிட்டார்கள். குற்ற விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

மத்திய அரசின் சட்டமே இன்னொரு பக்கத்தை ஒப்புக்கொள்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2000ல் அமெரிக்க நாடாளுமன்றம் 'யு விசா' என்ற ஒன்றை உருவாக்கியது. கடுமையான குற்றத்தால் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவுகிறவர்களுக்கு, ஆவணம் இல்லாவிட்டாலும், வருடத்துக்கு 10,000 பேர் வரை இது தரப்படலாம். அவர் உதவினார் என்று சான்றிதழ் கொடுப்பது பெரும்பாலும் உள்ளூர் போலீஸ்தான். அதாவது ஒரு கையால் 'பயப்படாமல் வாருங்கள், சாட்சி சொல்லுங்கள்' என்று அழைக்கிறது சட்டம். 287(ஜி) வழியாக இன்னொரு கையால் அதே போலீஸ்காரரிடம் விலங்கைக் கொடுக்கிறது. இரண்டும் ஒரே சீருடைக்குள் எப்படி இருக்க முடியும்?

இரண்டு பக்கமும் மாநிலங்கள்

இந்தக் கேள்விக்கு மாநிலங்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன. ஓரிகன் 1987லேயே குடியேற்ற வேட்டைக்கு உள்ளூர்ப் பணமும் ஆட்களும் போகக் கூடாது என்று சட்டம் போட்டது. 2017ல் கலிபோர்னியா இதே வழியில் எஸ்.பி.54 சட்டத்தைக் கொண்டுவந்தது. அதே 2017ல் டெக்சஸ் நேர் எதிராக, மத்திய அரசு கேட்டால் கைதியைப் பிடித்து வைத்தே ஆக வேண்டும் என்று தன் நகரங்களுக்கு உத்தரவிட்டது. மத்திய அரசு மாநிலத்தைக் கட்டாயப்படுத்த முடியாது; ஆனால் மாநிலம் தன் நகரங்களைக் கட்டாயப்படுத்தலாம்! 2025ல் டிரம்ப் மீண்டும் பதவிக்கு வந்ததும் 287(ஜி) ஒப்பந்தங்கள் வேகமெடுத்தன. 2024 இறுதியில் 135 என்று இருந்தது, 2025க்குள்ளேயே 1000த்தைத் தாண்டியது. 2012ல் கைவிடப்பட்ட தெருவில் நிறுத்தி விசாரிக்கும் முறையும் திரும்ப வந்தது.

சரி, வேண்டுமா வேண்டாமா?

இதில் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. கடுமையான குற்றம் செய்து தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர் யார் என்று மத்திய அரசுக்குத் தெரிவிப்பது ஒரு வேலை. அதை எதிர்ப்பவர்கள் குறைவு. கலிபோர்னியா சட்டம்கூட அதற்கு இடம் விட்டிருக்கிறது. தெருவில் போகிறவரை நிறுத்தி 'பேப்பர் எங்கே?' என்று கேட்பது வேறு வேலை. 1931ல் பூங்காவிலும், 1997ல் சாண்ட்லரிலும், 2007க்குப் பின் மரிகோப்பாவிலும் தோற்றது இந்த இரண்டாவது வேலைதான். மூன்று இடங்களிலும் சொந்தக் குடிமக்களே மாட்டினார்கள். ஏனென்றால் குடியுரிமை முகத்தில் எழுதியிருப்பதில்லை. முகத்தைப் பார்த்துத் தேடத் தொடங்கினால் நிறம்தான் தெரியும்.

செப்டம்பர் 11 வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அட்டாவை நிறுத்திய போலீஸ்காரரிடம் இல்லாமல் போனது குடியேற்ற அதிகாரம் அல்ல, தகவல். ஆபத்தானவர் யார் என்ற தகவல் மேலிருந்து கீழே வர வேண்டும். அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது என்ற தகவல் கீழிருந்து மேலே போக வேண்டும். மக்கள் வாயை மூடிக்கொண்டால் இரண்டாவது வழி அடைபட்டுவிடும்.

குடியேற்றச் சட்டம் கடுமையாக இருக்க வேண்டுமா, இளக வேண்டுமா என்பது வேறு விவாதம். அதை வாஷிங்டன் முடிவு செய்யட்டும், தன் ஆட்களை வைத்து நிறைவேற்றட்டும். உள்ளூர் போலீஸுக்கு வேறொரு வேலை இருக்கிறது. நள்ளிரவில் அடிபட்ட ஒரு பெண் போன் செய்தால் போய் நிற்க வேண்டும். அவள் போன் செய்யத் துணிவதற்கு எது தேவையோ அதைக் காப்பாற்ற வேண்டும். டேரில் கேட்ஸ் போன்ற கெடுபிடிக்காரருக்கே 1979ல் புரிந்த கணக்கு இது.